அல்சூர் வீட்டுத் தொட்டியில் ஆரை படர்ந்த கதை: குளிர்ந்த, வெளிச்சம் குறைந்த மீன்தொட்டிக்குத் தரைச்செடி தேடிய ஒன்றரை வருடம்

என் பெரியப்பா வீடு பெங்களூர் அல்சூரில், ஏரிக்குப் போகும் ஒரு குறுகிய சந்தில் இருக்கிறது. தரைத்தளம். இரண்டு பக்கமும் மூன்று மாடி வீடுகள் எழும்பிவிட்டன. காலை 11 மணிக்கும் கூடத்தில் விளக்கைப் போட்டால்தான் செய்தித்தாள் படிக்க முடியும். வெயில் எட்டிப் பார்க்காததால் மே மாதத்திலும் தரை காலுக்குச் சில்லென்று இருக்கும். அந்தக் கூடத்தில், அவருடைய கட்டிலுக்கு எதிரே, ஒரு மீன்தொட்டி. அதன் அடியில் பச்சை விரிப்பு மாதிரி ஒரு செடி படர வேண்டும் என்பது அவர் ஆசை. 2023 ஜூலையில் ஆரம்பித்தோம். எதை நட்டோம், எது செத்தது, எது பிழைத்தது, ஏன் என்பதை நடந்தபடியே எழுதுகிறேன். எங்களைப் போலவே ஹீட்டரும் இல்லாமல், பளிச்சென்ற விளக்கும் இல்லாமல் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு எங்கள் தோல்விகளும் பயன்படும்.

தொட்டியும் அதன் நிபந்தனைகளும்

நீளம் 90 செ.மீ., அகலம் 38, உயரம் 45. மணலும் கல்லும் போக 130 லிட்டர் தண்ணீர் நிற்கும். ஒரு ஸ்பாஞ்ச் பில்டர். மேலே 18 வாட் எல்.இ.டி. விளக்கு. உள்ளே 14 ஒயிட் கிளவுட் மீன்கள்.

இந்த மீனைப் பற்றி ஒரு வார்த்தை. சீனாவில் குவாங்சோ நகரை ஒட்டியுள்ள வெண்மேக மலையின் ஓடைகளில் கண்டெடுக்கப்பட்டு, 1932-ல் அறிவியல் பெயர் சூட்டப்பட்ட மீன் இது. வளர்ந்தாலும் 4 செ.மீ.தான். மற்ற அலங்கார மீன்கள் 26, 27 டிகிரி கேட்கும்போது இது 16 முதல் 22 டிகிரிக்குள்தான் மகிழ்ச்சியாக இருக்கும். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே உட்கார்ந்திருக்கும் பெங்களூருக்கு ஏற்ற மீன் என்றால் இதைத்தான் சொல்வேன். பெரியப்பா வீட்டுத் தொட்டியில் டிசம்பர் காலையில் 18 டிகிரி, மழைக்காலத்தில் 21 முதல் 23, ஏப்ரலில் மட்டும் 27, 28 வரை போகும்.

வெளிச்சம் குறைவாக இருந்ததற்குக் காரணம் பணம் இல்லை. பெரியப்பாவுக்குக் கண்புரை அறுவை முடிந்த பிறகு பளிச்சென்ற எதுவும் கண்ணில் படக்கூடாது. முதலில் நான் 40 வாட் விளக்கு ஒன்றைத்தான் வாங்கிப் போய் மாட்டினேன். கட்டிலில் சாய்ந்தபடி ஐந்து நிமிடம் பார்த்தார். "கண்ணா, மீனு நல்லாத்தான் தெரியுது. ஆனா கண்ணைக் குத்துதுடா" என்றார். அன்றே கழற்றிவிட்டேன். யாருக்காகத் தொட்டி வைக்கிறோமோ அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார வேண்டுமென்றால் அந்தச் செடி எதற்கு? ஆகவே 18 வாட், ஒரு நாளைக்கு 7 மணி நேரம். செடிகளுக்குத் தண்ணீரில் கரியமில வாயு ஊட்டும் சிலிண்டரும் வேண்டாம் என்றார். வயதானவர்கள் இருவர் மட்டும் இருக்கும் வீட்டில் அதற்கு நானும் வற்புறுத்தவில்லை.

முதல் முயற்சி: கடைக்காரர் சொன்ன செடி

ஒரு செடிக்கடையில் போய் "குறைந்த வெளிச்சத்துக்கு கார்பெட் செடி" என்று கேட்டேன். மாண்டி கார்லோ எடுத்துக் கொடுத்தார்கள். எந்த வெளிச்சத்திலும் வரும் என்றார்கள். கூடவே இரண்டு கப் கியூபாச் செடியும் வாங்கினேன். அரிசிமணியை விடச் சின்ன இலையோடு இருக்குமே, அது. கைக்குள் அடங்கும் அந்தப் பச்சையைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும்.

சின்னச் சின்னத் துணுக்குகளாக வெட்டி, இடுக்கியால் ஒவ்வொன்றாக நட்டோம். இரண்டு வாரம் நன்றாகத்தான் இருந்தது. கடையில் இந்தச் செடிகளைப் பெரும்பாலும் தண்ணீருக்கு வெளியே, ஈரக்காற்றில் வளர்த்துத்தான் விற்பார்கள். அங்கே சேமித்து வைத்த சத்தில்தான் முதல் சில வாரங்கள் ஓடுகின்றன. அந்தப் பச்சையைப் பார்த்து நாம் ஏமாந்துவிடக்கூடாது.

மூன்றாவது வாரம் மாண்டி கார்லோவின் தண்டுகள் படுத்துப் படராமல் எழுந்து நிற்க ஆரம்பித்தன. இலைக்கும் இலைக்கும் இடைவெளி கூடியது. கீழ் இலைகள் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் நிறத்துக்கு மாறின. ஆகஸ்ட் கடைசியில் துணுக்குகள் வேர் பிடிப்பை விட்டு மிதந்தன. தினமும் காலையில் பெரியப்பா வலையால் அவற்றை அள்ளி ஒரு கிண்ணத்தில் போட்டு வைப்பார், நான் வந்து மறுபடியும் நடுவதற்காக. கியூபாச் செடி அவ்வளவு நாள்கூடத் தாங்கவில்லை. பழுப்புப் பாசி மூடி, ஒரு மாதத்தில் கரைந்தது.

தண்ணீர் குளிர்ந்திருந்ததால்தான் செத்தது என்று முதலில் நினைத்தேன். ஹீட்டர் போட்டுப் பார்க்கலாமா என்றுகூட யோசித்தேன். போட்டிருந்தால் மீனுக்கும் கெடுதல், செடிக்கும் கெடுதல் என்று பிறகு புரிந்தது.

அளந்து பார்த்தபோது

நண்பர் ஒருவரிடம் லக்ஸ் மீட்டர் இருந்தது. வயரோடு தனியாக வரும் அதன் உணரியைப் பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி, தொட்டியின் அடிவரை இறக்கினோம். விளக்குக்கு நேர் கீழே மணல் மட்டத்தில் 1,700 லக்ஸ். முன்பக்கக் கண்ணாடி ஓரம் 1,200. இரண்டு மூலைகளிலும் 700-ஐ ஒட்டி.

செடிகளுக்கான ஒளியை லக்ஸில் சொல்ல மாட்டார்கள். ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளியை மட்டும் கணக்கெடுக்கும் பி.ஏ.ஆர். என்ற அளவை மைக்ரோமோலில் சொல்வார்கள். வெள்ளை எல்.இ.டி.க்கு ஏறக்குறைய 70 லக்ஸ் 1 மைக்ரோமோல் என்று வைத்துக்கொள்ளலாம். விளக்குக்கு விளக்கு கொஞ்சம் மாறும், ஆனாலும் முடிவெடுக்க இது போதும். அந்தக் கணக்கில் எங்கள் தொட்டியின் நடுவில் 24, முன்னால் 17, மூலையில் 10. நடுப்பகல் வெயிலில் இது 2,000-ஐத் தொடும். மாண்டி கார்லோ, கியூபா மாதிரிச் செடிகள் அடர்ந்து படர 50-க்கு மேல் இருந்தால்தான் நிம்மதி. அதோடு கரியமில வாயுவும் வேண்டும். படங்களில் நாம் பார்த்து ஏங்கும் புல்வெளித் தொட்டிகள் எல்லாம் அப்படி வளர்ந்தவைதான்.

அப்புறம் குளிர்ச்சி. இதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். செடி வெளிச்சத்தில் சம்பாதிக்கிறது, இரவும் பகலும் மூச்சுவிட்டுச் செலவழிக்கிறது. வெளிச்சம் குறைந்த இடத்தில் வருமானத்தைத் தீர்மானிப்பது ஒளிதான், வெப்பம் இல்லை. ஆனால் செலவைத் தீர்மானிப்பது வெப்பம். 10 டிகிரி குறைந்தால் மூச்சுவிடும் செலவு ஏறக்குறையப் பாதியாகிவிடும். அதாவது 28 டிகிரித் தண்ணீரில் நஷ்டத்தில் ஓடும் ஒரு செடி, அதே வெளிச்சத்தில் 20 டிகிரியில் கையைக் கடிக்காமல் குடும்பம் நடத்தும். இன்னொன்றும் உண்டு. காற்றிலிருந்து கரியமில வாயு 25 டிகிரித் தண்ணீரில் கரைவதைவிட 15 டிகிரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாகக் கரையும். சிலிண்டர் இல்லாத தொட்டிக்கு அது பெரிய உதவி. ஆக, எங்கள் தொட்டியின் குளிர்ச்சி செடிகளுக்குத் துணையாகத்தான் இருந்தது. தட்டுப்பாடு வெளிச்சத்தில் மட்டும்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான் கேள்வியையே மாற்ற வேண்டும் என்று தோன்றியது. "எந்தச் செடி தரையில் படரும்?" என்று கேட்டிருக்கக் கூடாது. "வெளிச்சம் குறைந்தாலும் எழுந்து நிற்க முடியாத செடி எது?" என்று கேட்டிருக்க வேண்டும்.

விளக்குகிறேன். மாண்டி கார்லோ, கியூபா, குளோசோஸ்டிக்மா மூன்றுமே தண்டுச் செடிகள். நல்ல வெளிச்சம் கிடைக்கும்போது தண்டு தரையோடு படுக்கும். வெளிச்சம் போதாவிட்டால் அதே தண்டு நிமிர்ந்து விளக்கைத் தேடும். அவை படர்வது வெளிச்சம் தாராளமாகக் கிடைக்கும்வரைதான். குளோசோஸ்டிக்மா நல்ல உதாரணம். நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் வளரும் செடி, குளிரை நன்றாகவே தாங்கும். ஆனாலும் இருட்டில் நெட்டையாகிவிடும். குளிர் தாங்கும் என்பதும் நிழல் தாங்கும் என்பதும் வேறு வேறு குணங்கள். செடி வாங்கும்போது இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

இன்னொரு வகை உண்டு. தண்டு மணலுக்குள்ளேயோ மணலை ஒட்டியோதான் ஓடும். ஓடுதண்டு, மட்டநிலத்தண்டு என்று பள்ளியில் படித்தோமே, அது. இலை மட்டும் மேலே வரும். வெளிச்சம் குறைந்தால் இலைக்காம்பு கொஞ்சம் நீளும், பரவும் வேகம் குறையும். ஆனால் தண்டு எழுந்து நிற்காது. எங்கள் தேடல் இந்த வகைக்குள் திரும்பியது.

புல்லும் நாணலும்

அக்டோபரில் பழைய கலர்க் கல்லை அள்ளிவிட்டு 1 முதல் 2 மி.மீ. ஆற்றுமணல் போட்டோம். 5 மி.மீ. கல்லில் மெல்லிய வேர் எதுவும் பிடி கொள்ளாது. மணலுக்கு அடியில் சத்துக்காகச் செம்மண் உருண்டை. இது பெரியப்பாவின் யோசனை. வீட்டுப் பின்புறச் செம்மண்ணைச் சலித்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, கோலிக்குண்டு அளவில் உருட்டி, மொட்டைமாடியில் மூன்று நாள் காய வைத்தார். 10 செ.மீ.க்கு ஒன்றாக மணலின் அடிவரை அழுத்தினோம். செம்மண்ணில் இரும்புச்சத்து தாராளம். ஒன்று மட்டும் கவனம்: உருண்டை மேலே தெரியக்கூடாது. ஒன்று நழுவி மேலே நின்றதில் ஒரு நாள் முழுக்கத் தொட்டி தேநீர் நிறத்தில் இருந்தது.

அந்த மணலில் இரண்டு செடிகளை நட்டோம். ஒன்று ஹேர்கிராஸ், ஊசிப்புல். உலகின் வடபாதிக் குளிர் நாடுகளில் குளக்கரைகளில் தானாக வளரும் எலியோகாரிஸ். குளிர் அதற்குப் பழக்கம். இன்னொன்று டுவார்ஃப் சாஜிட்டேரியா. அமெரிக்காவின் கிழக்குக் கரைச் செடி. ஓடுதண்டால் பரவும்.

ஊசிப்புல் சாகவில்லை. நடுவில், 24 மைக்ரோமோல் விழும் இடத்தில், மெதுவாகப் பரவவும் செய்தது. ஆனால் மயிர் போன்ற அந்த இலைகளுக்கு நடுவே மீன் கழிவும் பழுப்புப் பாசியும் சிக்கிக்கொண்டே இருந்தன. நல்ல வெளிச்சத்தில் புல் வேகமாக வளர்ந்து பாசியை முந்திவிடும். இங்கே பாசி முந்தியது. வாரம் ஒருமுறை நான் வந்து பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சீவிவிட வேண்டியிருந்தது. ஓரங்களில் அது தலை தூக்கவே இல்லை.

சாஜிட்டேரியா அதற்கு நேர் எதிர். ஜனவரிக்குள் தொட்டி முழுக்க ஓடுதண்டு. ஆனால் உயரம் 25 செ.மீ. அந்தச் செடி வெளிச்சம் அதிகமாகவும் நெருக்கமாகவும் இருந்தால்தான் குட்டையாக நிற்கும், இல்லையென்றால் நீண்டுவிடும். புல்வெளி கேட்டோம், நாணல்காடு வந்தது. பெரியப்பாவுக்கு அது பிடித்துத்தான் இருந்தது. மீன் ஒளிந்து விளையாடுகிறது என்றார். பிடுங்கி எறியாமல் பின்பக்கம் ஒரு வரிசையாக மாற்றி நட்டோம். இன்றைக்கும் அதுதான் எங்கள் பின்திரை.

கிரிப்டோகோரின் பார்வாவும் வாங்கினோம். இலங்கைச் செடி, அந்த இனத்திலேயே குட்டையானது, பெயரைக் கேட்டால் தரைச்செடிக்கென்றே பிறந்தது போலிருக்கும். கிரிப்டோகோரின் என்றால் நிழலில் வளரும் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் பார்வாவின் இலைப்பரப்பு காம்பைவிடக் கொஞ்சம்தான் அகலம். ஒளியைப் பிடிக்க இடம் இல்லாததால் தன் சொந்தக்காரர்களைவிட அதற்கு வெளிச்சம் அதிகம் வேண்டும். ஐந்து சட்டிச் செடி வாங்கி நான்கு மாதம் காத்திருந்தோம். ஒவ்வொன்றும் இரண்டு இலை விட்டது. விலையையும் நினைத்தால் இந்த வெளிச்சத்துக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். அதே இனத்தில் வெண்டி (wendtii) என்ற செடியை 15 செ.மீ. வளரும் என்று தெரிந்தே நடுப்பகுதியில் கற்களை ஒட்டி வைத்தோம், நன்றாக வந்தது.

பெரியம்மா அடையாளம் கண்டது

2024 ஜனவரியில் வேறொரு கடையில் மார்சிலியா ஹிர்சூட்டா கிடைத்தது. ஆஸ்திரேலியப் பெரணி. வெளியே வளர்ந்தது என்பதால் நான்கு இலையும் விரிந்த நிலையில், ஒரு சின்னக் குடை மாதிரி இருந்தது. வாளியில் கழுவிக்கொண்டிருந்தபோது பெரியம்மா எட்டிப் பார்த்தார்.

"இதையா காசு குடுத்து வாங்கினே? இது ஆரைக்கீரைடா. எங்க ஊர்ல ஏரி மதகு ஓரமா மண்டிக் கிடக்கும். எங்கம்மா பறிச்சுட்டு வந்து பருப்போட கடைவாங்க."

பெரியம்மாவுக்கு ஆரணிப் பக்கம். அவர் சொன்னது சரிதான். நம் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் வளரும் ஆரையும் மார்சிலியா பேரினம்தான். பூக்காத, விதையில்லாத, நீரில் வாழும் பெரணி. நான்கு இலை என்று நாம் பார்ப்பது உண்மையில் ஒரே இலையின் நான்கு கூறுகள். வெளியே வளரும்போது இரவில் அவை மடங்கிக்கொள்ளும். அதன் மட்டநிலத்தண்டு நூல் மாதிரி சேற்றுக்குள் ஓடும். நான் மாதக்கணக்காகத் தேடிய குணம் மொத்தமும் பெரியம்மாவின் அம்மா கடைந்த கீரையில் இருந்திருக்கிறது.

பொங்கலுக்கு ஊருக்குப் போன பெரியம்மாவின் தம்பி ஒரு பிடி ஆரையை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். நெல் வயலில் இருந்து எடுக்க வேண்டாம், பூச்சிமருந்து இருக்கும், ஏரிக்கரையில் எடுங்கள் என்று போனில் சொல்லியிருந்தேன். அப்படியும் நேராகத் தொட்டியில் போடவில்லை. தனி வாளியில் நான்கு வாரம், வாரம் இரண்டு முறை தண்ணீர் மாற்றி வைத்திருந்தோம். நத்தை முட்டைகளும் ஒரு தட்டாரப்பூச்சிக் குஞ்சும் வெளியே வந்தன. தட்டாரப்பூச்சியின் குஞ்சு சின்ன மீன்களைப் பிடித்துத் தின்னும். அந்த நான்கு வாரம் வீண் இல்லை.

பிப்ரவரியில் நட்டோம். தொட்டியின் வலப்பக்கம் கடையில் வாங்கிய ஹிர்சூட்டா, இடப்பக்கம் ஊர் ஆரை. மட்டநிலத்தண்டை 3, 4 செ.மீ. துண்டாக, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று இலை இருக்கும்படி வெட்டி, 1 செ.மீ. ஆழத்தில் படுக்க வைத்து, 4 செ.மீ. இடைவெளியில் நட வேண்டும். தண்டைச் செங்குத்தாகக் குத்தி நட்டால் மிதந்துவிடும். இரண்டு பக்கமும் சேர்த்து 60 துண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

முதல் மாதம் பழைய இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி உதிர்ந்தன. மறுபடியும் தோற்றுவிட்டோம் என்றே நினைத்தேன். மார்ச் நடுவில் ஒரு நாள் பெரியப்பா போன் செய்தார். "ஏதோ கொக்கி மாதிரி முளைக்குதுடா, வந்து பாரு." போய், அவருடைய பூதக்கண்ணாடியை வாங்கிக் கண்ணாடியோரம் குனிந்து பார்த்தேன். மணலில் இருந்து நூல் கனத்தில் ஒரு காம்பு. அதன் நுனி, கடிகாரச் சுருள் மாதிரி உள்ளுக்குள் சுருண்டு, இளம்பச்சையில், ஓரத்தில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டு இருந்தது. பெரணிகளின் குருத்து பெரும்பாலும் இப்படித்தான் சுருளாகப் பிறக்கும். நான்கு நாளில் அது விரிந்தபோது குடை இல்லை. ஒற்றை இலை, கரண்டி மாதிரி வட்டமாக, சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக. தண்ணீருக்குள் பிறந்த இலை அது. அப்போதே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

2024 கோடை

அந்த மார்ச், ஏப்ரலில் பெங்களூர் பட்ட தண்ணீர்க் கஷ்டம் எல்லோருக்கும் நினைவிருக்கும். எங்கள் தெருவில் காவிரித் தண்ணீர் வருவது குறைந்து, லாரித் தண்ணீர்தான் ஓடியது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் எங்கள் டி.டி.எஸ். மீட்டர், காவிரித் தண்ணீரில் 190 காட்டும். லாரியில் வந்த போர்வெல் தண்ணீரில் 720. தொட்டியின் வெப்பமும் 28-ஐத் தொட்டது.

வெண்டி ஒரே வாரத்தில் கரைந்தது. தண்ணீரின் தன்மை திடீரென்று மாறினால் கிரிப்டோகோரின் இலைகளைக் கூழாக்கிவிடும். ஆனால் வேர் உயிரோடு இருக்கும். பிடுங்காமல் விட்டோம், ஜூனில் மறுபடியும் துளிர்த்தது. ஊசிப்புல் பாசிக்குள் போய்விட்டது, அதை எடுத்தே விட்டோம். ஆரை இரண்டும் அசையவில்லை. புது இலை விடுவதை நிறுத்தின, அவ்வளவுதான். இருந்த இலையை உதிர்க்கவும் இல்லை.

மீன்களுக்காக நாங்கள் செய்ததைச் சொல்ல வேண்டும். மேல் கண்ணாடியை எடுத்துவிட்டு, வலை போட்டு மூடி, ஒரு சின்ன மேசை விசிறியைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் சாய்வாகத் திருப்பி வைத்தோம். பெங்களூர்க் கோடையின் காய்ந்த காற்றில் ஆவியாவதால் மட்டும் 2, 3 டிகிரி இறங்கும். ஐஸ் கட்டி போடுவது கூடாது, ஏறி இறங்கும் வெப்பம் மீனுக்கு இன்னும் கொடுமை. ஆவியாகும்போது தண்ணீர்தான் போகும், உப்பு தங்கிவிடும். அதனால் குறைந்த தண்ணீரை ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்பினோம். லாரித் தண்ணீரில் மாற்றும்போது ஒரு தடவைக்கு பத்தில் ஒரு பங்குக்கு மேல் மாற்றவில்லை. 14-ல் 12 மீன் கோடையைத் தாண்டின. போன இரண்டும் மனசில் நிற்கின்றன.

மழைக்குப் பிறகு

ஜூனில் மழை பிடித்து வெப்பம் 23-க்கு இறங்கியதும் ஆரை ஓட ஆரம்பித்தது. விளக்கு அதே 18 வாட், அதே 7 மணி நேரம். மேலே சொன்ன வரவு-செலவுக் கணக்கை நான் கண்ணால் பார்த்தது அப்போதுதான். கண்ணாடியோரம் மணலுக்குள் மட்டநிலத்தண்டு ஓடுவது வெளியே தெரியும். பெரியப்பா ஒரு ஸ்கெட்ச் பேனாவால் கண்ணாடியில் கோடு போட்டு வைப்பார், அடுத்த ஞாயிறு அது எவ்வளவு நகர்ந்தது என்று எனக்குக் காட்டுவார். ஜூலையில் வாரத்துக்கு 1 செ.மீ. போல நகர்ந்தது. செப்டம்பரில் துண்டுகளுக்கு இடையில் பாதி மூடியது. டிசம்பரில் நடுவும் முன்பக்கமும் மணல் தெரியாமல் மூடிவிட்டன. நட்டதிலிருந்து 10 மாதம். அவசரக்காரர்களுக்கு இந்தச் செடி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இரண்டு ஆரைக்கும் வித்தியாசம் இருந்தது. ஹிர்சூட்டா 3 முதல் 5 செ.மீ. உயரத்தில் நின்றது, இலை பெரும்பாலும் ஒற்றைதான். ஊர் ஆரை ஆரம்பத்தில் காம்பை நீட்டி நீர்மட்டம் வரை வந்து, மேலே நான்கு கூறாக விரிந்து மிதக்கப் பார்த்தது. ஏரியில் அதுதானே அதன் பிழைப்பு. நீண்ட காம்பை அடியோடு வெட்டிக்கொண்டே வந்தோம். மூன்று மாதத்தில் பழகி, 8, 10 செ.மீ.யில் நின்றது. ஆகவே சின்னத் தொட்டிக்கு ஹிர்சூட்டா நல்லது. 3 அடித் தொட்டிக்கு, வெட்டிவிடப் பொறுமை இருந்தால், ஊர் ஆரையும் போதும், செலவும் இல்லை. முன்னால் குட்டை, பின்னால் சற்று உயரம் என்று இரண்டையும் சேர்த்து வைத்தால் சரிவு மாதிரி அழகாக இருக்கிறது.

உரம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை செம்மண் உருண்டை மட்டும். திரவ உரம் ஊற்றிப் பார்த்தபோது கண்ணாடியில் பச்சைப் பாசி வந்தது, நிறுத்திவிட்டோம். வெளிச்சம் குறைந்த தொட்டியில் செடி சாப்பிடுவதும் குறைவு.

மூலைகள் மட்டும் எங்களைத் தோற்கடித்தன. 10 மைக்ரோமோலில் ஆரைகூட இலையைக் கூட்டவில்லை. அங்கே ஜாவா மாஸ் என்ற பாசிச்செடிதான். 10 செ.மீ. சதுரமாகத் துருப்பிடிக்காத எஃகுவலை வெட்டி, மாஸைக் கத்தரிக்கோலால் பொடிப்பொடியாக நறுக்கி மெல்லிசாகப் பரப்பி, மேலே கொசுவலைத் துணி வைத்து நான்கு ஓரமும் தைத்துவிட வேண்டும். கனமாகப் பரப்பினால் அடியில் இருப்பது அழுகி, மொத்தமும் பிய்ந்து வரும். எட்டு வாரத்தில் கொசுவலைக் கண்களின் வழியே பச்சை எட்டிப் பார்க்கும். மாஸுக்கு வேர் இல்லை, செம்மண்ணும் வேண்டாம், குளிர்ச்சிதான் அதற்குப் பிடித்தது. அழுக்கு பிடித்தால் அந்த வலைத்தட்டோடு எடுத்து, தொட்டித் தண்ணீரிலேயே அலசி வைத்துவிடலாம். 70 வயதுக்காரர் தனியாகச் செய்யக்கூடிய வேலை என்பதால் எனக்கு இந்த முறைமேல் தனி மதிப்பு.

வலது மூலையில் இரண்டு தட்டு வைத்து மூடியாயிற்று. ஜனவரியில் தண்ணீர் 18 டிகிரியில் இருந்த ஒரு காலை, அந்த மாஸுக்கும் ஆரைக்கும் நடுவே கண் மட்டும் தெரியும் அளவில் ஏழெட்டு மீன்குஞ்சுகளைப் பெரியப்பா கண்டுபிடித்தார். கட்டிலில் படுத்தால் அவர் கண் சரியாக அந்த இலைகளின் உயரத்தில்தான் இருக்கும். நாங்கள் நின்று பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. பெரியம்மாவும் நானும் தரையில் உட்கார்ந்து, அவர் விரல் நீட்டிய இடத்தைப் பார்த்தோம். கரண்டி இலை ஒன்றின் அடியில், பக்கவாட்டில் நீலக்கோடு மின்ன, ஒன்று நின்றுகொண்டிருந்தது.

இடது மூலை இன்னும் வெறும் மணல்தான். அதற்கான மாஸ் தட்டு பின்கட்டு வாளியில் இருக்கிறது. இது ஐந்தாவது வாரம்.